அந்த ரயிலை நிறுத்தியது நீ இல்லை, தம்பி

தம்பி,

இந்தக் கடிதத்தை எஞ்சினில் வைத்துப் படிக்காதே. சாப்பிட்டு முடித்து, நானுஓயாவில் உன் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படி. அம்மாவின் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணாடி போட்டாலும் வரி மட்டும் மேலே ஏறிப் போகிறது, அதைப் பொறுத்துக்கொள். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை எடுத்தேன். முதல் தடவை நீ வேலையில் இருந்தாய். இரண்டாம் தடவை உன் கூட்டாளிமார் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தடவை நீ "என்னம்மா, சொல்லுங்க" என்றதும் எனக்கு நாக்கு எழும்பவில்லை. சோறு தின்றாயா என்று கேட்டேன். "இதக் கேக்கவா விடாம கோல் எடுத்தீங்க?" என்று நீ சிரித்தாய். அதைக் கேட்பதற்கு இல்லை, தம்பி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் அக்கரப்பத்தனை வரைக்கும் போய்ச் சுற்றித் திரும்பி வருவேன் என்று உனக்கே தெரியும். ஆறு வயதில் நீ சிவப்புச் சேலையைக் கட்டி ரயிலை நிறுத்தினாய் என்று நம் தோட்டம் முழுக்கச் சொல்கிறதே, அது பொய். சேலையைக் கட்டியது நான். பழியைத் தூக்கி உன் தலையில் போட்டதும் நான். எழுதிவிட்டேன்.

இருபத்தைந்து வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது ஏன் என்று கேட்பாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் உனக்குப் பாராட்டு. நம் தோட்டத்துப் பிள்ளை நம் மலைப் பாதையிலேயே ரயில் ஓட்ட வந்துவிட்டான் என்று இளைஞர் மன்றத்துப் பையன்கள் குதியாய்க் குதிக்கிறார்கள். சந்தியில் பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். அதில் நீ மாப்பிள்ளை மாதிரி நிற்கிறாய். கீழே, 'ஆறு வயதில் ரயிலை மறித்தான், இன்று ரயிலையே ஓட்டுகிறான்' என்று எழுதியிருக்கிறது. கடைக்குப் போக வர அந்தப் பேனருக்குக் கீழேதான் நடக்க வேண்டும். நான் குனிந்துகொண்டே நடக்கிறேன். "ஆயம்மாவுக்குப் பெருமை தாங்கல, மண்ணப் பாத்து நடக்குது" என்று கடைக்காரர் கிண்டல் பண்ணுகிறார்.

அதோடு போயிருந்தால் இதையும் முழுங்கியிருப்பேன். செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. பள்ளிக்கூடம் விட்ட நேரம், நான் விறகு பொறுக்கிக்கொண்டு ரயில் பாதை ஓரமாக வருகிறேன். வளைவில் நடுத் தண்டவாளத்தில் யாழினி நிற்கிறாள். அதுதான், அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருக்கிற கவிதாவின் மகள், ஏழு வயது. கையில் விளையாட்டுப் போட்டிக்குக் கொடுத்த சிவப்புக் கொடி. பக்கத்தில் இன்னும் இரண்டு வாண்டுகள் காவல்.

"என்னாடி பண்ற அங்க?"

"அண்ணன் மாதிரி கோச்சிய நிப்பாட்டப் போறோம், ஆயம்மா. நிப்பாட்டுனாத்தான் பெரிசானதும் ஓட்டக் குடுப்பாங்களாம்."

யாரடி சொன்னது என்று கேட்க எனக்கு நேரம் இல்லை. விறகைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரியும். மூன்றையும் தேயிலைக்குள் இழுத்துப் போட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ரயில் வந்தது. எங்களைத் தாண்டி அது பாட்டுக்குப் போனது. அதை ஓட்டியது நீயா, வேறு யாராவதா, தெரியாது. வாசலில் தொங்கிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். யாழினி என் கைக்குள் இருந்தபடியே கொடியை ஆட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏன் ஆயம்மா அழுவுறீங்க?" என்று கேட்கிறாள் கழுதை.

அன்றைக்கே தீர்மானித்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறி அந்தக் கதையை இவ்வளவு பிள்ளைகளுக்கு முன்னால் சொல்வதற்குள் உனக்கு உண்மை தெரிய வேண்டும். அதற்குப் பிறகு நீ என்னை அம்மா என்று கூப்பிடுவாயோ மாட்டாயோ, அது உன் பாடு. அப்படி எழுதிவிட்டேனே தவிர அதுதான் எனக்குப் பயம். வேறு எதற்கும் பயம் இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், நாளைக்கு உன் பிள்ளைகள் எடுத்துப் படித்தாலும் விளங்கட்டும். அப்போது நான் பிள்ளை மடுவத்தில் ஆயம்மாவாகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விடியற்காலையில் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டு, ஒவ்வொருத்தியும் ஒரு பழைய சேலையையும் தந்துவிட்டுப் போவார்கள். அதுதான் தொட்டில். மடுவம் இருக்கும் இடம் உனக்குத் தெரியும். மேலே தேயிலை, நடுவில் தண்டவாளம், கீழே ஆறு. எதிர் மலையில் அருவி. உலகத்துச் சனமெல்லாம் காசு கொடுத்துப் பார்க்க வருகிற இடத்தில் நான் மூத்திரத் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாதையைப் பற்றி நான் கேட்காத கேள்வி இல்லை. தலவாக்கலைக்குப் போக பஸ்ஸில் ஒரு எட்டு. இந்த ரயில் எதற்காக மலை மலையாக, மடிப்பு மடிப்பாகச் சுற்றிக்கொண்டு போகிறது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். வெள்ளைக்காரன் வேடிக்கை பார்க்கத்தான் அப்படிப் போட்டான் என்று உன் அப்பா அடித்துச் சொல்வார். நீ பன்னிரண்டு வயதில் தரையில் கரித்துண்டால் கோடு போட்டு விளக்கினாய். "எஞ்சினால நெட்டுக்குத்தா ஏற ஏலாதும்மா. ஆறு எப்பிடி மெல்ல மெல்ல எறங்கி வருதோ, அந்த வழியப் புடிச்சுத்தான் கோச்சியும் மெல்ல மெல்ல ஏறணும்." எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஆறு இறங்கின பள்ளத்தாக்கில்தான் ரயில் ஏறுகிறது. தினமும் கண்ணுக்கு முன்னால் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு எனக்கு இன்னொரு கேள்வி வந்தது. உள்ளே இருக்கிறவர்களுக்கு நாம் எப்படித் தெரிவோம்? அவர்கள் கை காட்டுகிறார்கள், நாமும் காட்டுகிறோம். யாருக்குக் காட்டுகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனாலும் ஒரு நாள்கூட காட்டாமல் விட்டதில்லை. இதை நீ எனக்கு இன்னும் விளக்கவில்லை.

சரி, அந்த நாள். பத்து நாள் விடாமல் மழை. ஒரு தொட்டில் சேலையும் காயவில்லை. பிள்ளைகளை ஈரத்தில் போட்டு எல்லாவற்றுக்கும் சளி. உனக்கும் காய்ச்சல். அப்போது உனக்குப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் என்னோடு மடுவத்துக்குத்தான் வருவாய். அன்றைக்கு உன்னை மூலையில் பாயில் படுக்க வைத்துக் கம்பளியால் மூடி வைத்திருந்தேன். பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில் வந்தது. விடுவேனா? இருக்கிற சேலையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் வேலியில் போட்டேன், செடியில் போட்டேன், கொய்யா மரத்தில் போட்டேன். கடைசியில் ராஜேஸ்வரியின் சேலை ஒன்று மிஞ்சியது. அவளுடைய கலியாணச் சேலை, ரத்தச் சிவப்பு. கட்டியவன் விட்டுவிட்டுப் போன கோபத்தில் தொட்டிலுக்குத் தந்துவிட்டாள். போட இடம் இல்லை. ஒரு முனையைக் கொய்யா மரத்தில் கட்டினேன், மறு முனையைத் தண்டவாளத்து ஓரத்து மைல் கட்டையில் கட்டினேன். நல்ல காற்று. சேலை பாய் மாதிரி விரிந்து ஆடியது. அரை மணியில் காய்ந்துவிடும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். சிவப்பைக் கண்டால் ரயில் நிற்கும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது எனக்குச் சிவப்பாகத் தெரியவில்லை, தம்பி. ஈரமாகத்தான் தெரிந்தது.

கொழும்பிலிருந்து வருகிற பகல் ரயில் வளைவில் திரும்பியது. பிறகு ஒரு சத்தம். இரும்பு அப்படிக் கத்தும் என்று நான் நினைத்ததில்லை. தொட்டிலில் கிடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வீரிட்டன. வெளியே ஓடிவந்து பார்க்கிறேன், ரயில் எனக்கு நேர் எதிரே நிற்கிறது. தினமும் ஓடிப் போகிற ஒன்று நின்றுவிட்டால் எவ்வளவு பெரிதாக இருக்கிறது தெரியுமா? சன்னல் சன்னலாக முகங்கள். சனம் இறங்கி அருவியைப் பார்க்கிறது, படம் பிடிக்கிறது. ஒரு பொம்பளை என்னிடம் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை நீட்டுகிறாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த ஒரு நிமிஷம் பயமே இல்லை. நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். சீட்டு என்ன நிறம், மின்விசிறி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். எனக்காகவே வந்து நின்ற மாதிரி இருந்தது.

பிறகுதான் ரயிலுக்குக் கொடி காட்டுகிற காட் இறங்கி வந்தார். சிங்களவர், வயதான மனுஷன். சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "கவுத மே ரத்து ரெத்த தெம்மே?" என்றார். இந்தச் சிவப்புத் துணியை யார் போட்டது என்று கேட்கிறார். அதே நேரம் மேலே தேயிலைக்குள்ளிருந்து கண்டாக்கு ஐயா மூச்சிரைக்க இறங்கி வருகிறார். மலையில் நின்று வேலை வாங்குகிறவர், அவர் கண்ணில் பட்டால் தோட்டத்துத் தொரை காதுக்குப் போய்விடும். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வாய் தானாகச் சொன்னது:

"புள்ள வெளாட்டுக்குக் கட்டிருச்சுங்க ஐயா."

"யாரு புள்ள?"

அங்கே இருந்தது எல்லாம் ஊரார் பிள்ளை. யார் பெயரைச் சொன்னாலும் பெற்றவள் மாலையில் வந்து என் மயிரைப் பிடிப்பாள். அதனால் என் பிள்ளையைச் சொன்னேன். "எம் மகன்தாங்க. பயந்துபோய் ஓடிட்டான்." காட் அதைக் கேட்டுச் சிரித்தார். சேலையை அவிழ்த்து மடித்து என் கையில் தந்தார். கொடியை ஆட்டினார், ரயில் போய்விட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். உள்ளே போனால் நீ அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாய். "கோச்சி ஏம்மா கத்திச்சு?" என்றாய். ஊரே பார்த்ததை நீ பார்க்கவில்லை. எழுப்பவில்லை என்று என்னோடு சண்டை போட்டு அழுதாய். அந்தப் பிஸ்கட்டைத் தந்து உன்னை அடக்கினேன்.

மறுநாள் காலையில்தான் வினை வந்தது. அப்பாவுக்கு அந்த வாரம் தேயிலை ஸ்டோரில் ராவேலை. உன்னைக் கண்ணால் கண்டதே குறைவு, காய்ச்சல் என்று நானும் சொல்லவில்லை. அவர் வேலை முடிந்து வெளியே வருகிற நேரம் பார்த்துத் தொரை வந்திருக்கிறார். அத்தனை பேருக்கும் முன்னால், "ஒம் புள்ளய அடக்கி வைக்கத் தெரியாதா? ஆள் செத்திருந்தா நீ பதில் சொல்லுவியா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா யாரிடமும் ஒரு சொல் கேட்காத மனுஷன். நேரே வீட்டுக்கு வந்தார். அடுப்புக்கு அடுக்கி வைத்திருந்த தேயிலை மிலாற்றில் ஒன்றை உருவினார். காய்ந்த தேயிலைக் குச்சி, அது எப்படி உறைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். எனக்கும் உனக்கும் இடையில் நாலு எட்டுக்கூட இல்லை. அவனில்லை, நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வாயில் அந்தச் சொல் இருந்தது. நான் சொல்லவில்லை. பயந்தேன். அடி எனக்கு விழும் என்று பயந்தேன், வேலை போய்விடும் என்று பயந்தேன், அப்பா என்னை என்ன நினைப்பார் என்று பயந்தேன். இதில் எதுவும் ஆறு வயதுப் பிள்ளையை அடி வாங்க விடுவதற்குக் காரணமாகாது. எனக்கு அது தெரியும்.

அவர் போய்ப் படுத்த பிறகு உன்னைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு நடந்தேன். வழியில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாய்.

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"நீ கோச்சிய நிப்பாட்டிட்டடா."

"நானா?"

"ஆமா, நீதான்."

நீ அழுகையை நிறுத்திவிட்டாய். கொஞ்ச தூரம் போன பிறகு என் காதில், "நெசமாவே நின்னுச்சாம்மா?" என்று கேட்டாய். உன் குரலில் ஒரு சந்தோஷம். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. உனக்குக் கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அதனால் நான், "நின்னுச்சு. சனமெல்லாம் எறங்கி ஒன்னயத்தான் தேடுச்சு" என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்காத விஷயம். ஒரு கிழமை நீ என்னிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாய். அடுத்த கிழமை மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னாய். மாரியம்மன் திருவிழா வருவதற்குள் நீயே எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாய்! முடிச்சுப் போட எட்டாமல் கல்லின் மேல் ஏறி நின்றேன் என்றாய். காற்று இழுத்துக் கை வலித்தது என்றாய். டிரைவருக்குப் பெரிய மீசை என்றாய். தம்பி, அந்த டிரைவரை நான் பார்த்தேன், மழுங்கச் சிரைத்த முகம். அந்த மீசை நம் லயத்துக்குப் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவந்த ஆளுடையது. அதை எங்கிருந்து எடுத்து எங்கே ஒட்டினாய்? பத்து வயதில் சொல்லும்போது மைல் கட்டை வந்தது. பதினைந்தில் சேலையின் ஓரத்தில் ஒரு கிழிசல் வந்தது. அந்தச் சேலையில் கிழிசல் உண்மையாகவே இருந்தது. அதை நீ எப்போது பார்த்தாய்? இதையெல்லாம் கேட்டுக்கேட்டு ஒரு கட்டத்தில் எனக்கே உன்னை அங்கே தெரிய ஆரம்பித்துவிட்டது. கல்லின் மேல் ஏறி நிற்கிறாய், கால்சட்டை நழுவுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணை மூடினால் தெரிகிறது. நீ பாயில் படுத்திருந்ததும் தெரிகிறது. இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபம் ஆறின பிறகு சொன்னால் போதும். இப்போது உண்மை தெரிந்துவிட்டதே, இனி உன் கண்ணில் அது அழிந்துபோகுமா? காற்று இழுத்தபோது கை வலித்தது என்றாயே, அந்த வலி இப்போது எங்கே போகும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தாலும் நீ ரயிலுக்குப் போயிருப்பாயா? கோச்சி ஏன் கத்தியது என்று முதலில் கேட்டது நீயாகவே கேட்ட கேள்வி. அதை யாரும் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் போயிருப்பாய் என்று ஒரு மனம் சொல்கிறது. இது என் குற்றத்தைக் குறைத்துக்கொள்ள நான் தேடுகிற வழியோ என்று இன்னொரு மனம் சொல்கிறது. எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் சாகவும் எனக்கு விருப்பம் இல்லை.

ஒரு தடவை சொன்ன பொய்யை மன்னிக்கலாம். இரண்டாம் தடவையையும் சொல்கிறேன், கேள். ரயில் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்கு நீ கொழும்புக்குக் கிளம்பிய அன்று பின்னேரம். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டாய். "அம்மா, நெசமாவே நான்தானே நிப்பாட்டினேன்? நாளைக்கு அவங்ககிட்டச் சொல்லலாம்னு இருக்கேன். பொய்யாப் போயிறக் கூடாது." உனக்குள் எங்கோ ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. எனக்குக் கதவைத் திறந்து விட்டாய், தம்பி. நான் என்ன செய்தேன் தெரியுமா? "பின்ன யாரு, ஒங்கப்பாவா நிப்பாட்டினாரு?" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். அவ்வளவுதான். அன்றைக்குத் தொரையும் இல்லை, கண்டாக்கும் இல்லை, வேலை போகிற பயமும் இல்லை. வெறும் சோம்பேறித்தனம். உன் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற சோம்பேறித்தனம். முதல் பொய்யைவிட இதற்குத்தான் எனக்கு வெட்கம்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை இனி எனக்கு இல்லை. ஆனாலும் தாய் வாய் சும்மா இருக்குமா? நீ ஒருவரிடம் ஒன்றை நேராகக் கேட்கும்போது அவர் சிரித்துக்கொண்டு பதில் சொன்னால், இன்னொரு தடவை கேள். அது அம்மாவாக இருந்தாலும் கேள். உனக்குப் பிள்ளைகள் பிறந்து, நான் என்ன செஞ்சேன் என்று ஒன்று உன்னைக் கேட்டால், உனக்கே பதில் சரியாகத் தெரியாவிட்டால், கையை ஓங்காதே, கதையும் கட்டாதே. தெரியலடா என்று சொல்லிவிடு. பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மேடையில் என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித்தரமாட்டேன். உண்மையைச் சொன்னாலும் சரி, அந்தக் கதையைத் தொடாமல் விட்டாலும் சரி. என்னைக் காட்டிச் சொன்னால் எழுந்து நிற்பேன். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பிரேக் போட்ட பிறகு ரயில் எவ்வளவு தூரம் ஓடித்தான் நிற்கும் என்று எனக்கு ஒருநாள் சொன்னாயே, மழை நாளில் இன்னும் தூரம் என்றாயே, அதை யாழினிக்கும் மற்றதுகளுக்கும் சொல். தண்டவாளத்தில் ஒரு பிள்ளையைக் கண்டால் உன் கை எப்படி நடுங்கும் என்று சொல். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், நீ சொன்னால் கேட்பார்கள்.

நேற்றுப் பின்னேரம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு வந்து தேத்தண்ணிக்கு உட்கார்ந்திருந்தார். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். என்னை இழுத்துப் போட்டு அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவன் அப்ப எங்க இருந்தான்?"

"உள்ளுக்குப் படுத்திருந்தான். காச்சல்."

"காச்சலா?"

"ரெண்டு நாளா."

"காச்சக்காரப் புள்ளயவா அடிச்சேன்?" என்றார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை ஏசவில்லை. அப்படியே எழுந்து போய் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இன்று காலையில் முகம் மழித்து, திருவிழாச் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தார். "லெட்டர தபால்ல போடாத. நானே கொண்டு போறேன்" என்றார். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போகலாம் என்றேன். இல்லை, ரயிலில்தான் போவேன் என்கிறார். எதற்குப் போகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை அவனே வருவானே என்றேன். கொஞ்ச நேரம் சட்டைப் பொத்தானையே தடவிக்கொண்டிருந்தார். "எந்தக் கால்ல அடிச்சேன்னு ஞாபகம் இல்ல. பாக்கணும்" என்றார்.

ஆகையால் இதை உன் கையில் தருகிறவர் அப்பாதான். நீ கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும்போது அவர் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு மன்னிப்புக் கேட்க வராது, உனக்கே தெரியும். நானுஓயாவில் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார். என் மேல் உள்ள கோபத்தை நீ எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள், நான் காத்திருக்கிறேன். அவரைக் காக்க வைக்காதே. வெளியே போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்பதற்கு முன்னால் கால்சட்டையை மடித்துக் காட்டு. இடது கால், தம்பி, கெண்டைக்குக் கீழே. அவருக்குத்தான் ஞாபகம் இல்லை. அன்றைக்கு மடுவத்தில் உன்னை மடியில் போட்டு மஞ்சள் பூசியது நான்.

அம்மா